ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு உதவி கேட்டு எங்கே போவது?

முதலில் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். வங்கிக்கும் ஏஜென்டிடமும் அப்புறம் போகலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்து அம்மாவை அலைக்கழித்துவிட்டேன்.

எங்களுக்கு வேலூர் பக்கம். தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். அவர் போனதும் இறப்புச் சான்றிதழையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குத்தான் ஓடினேன். பெயர் பொருந்தவில்லை என்றார்கள். எந்தப் பெயர், எங்கே மாற்றுவது என்று கேட்டால் பதில் இல்லை. முட்டிவலியோடு அம்மா மூன்று முறை பஸ் ஏறி வந்தார்.

கடைசியில் நல அலுவலகத்தில் ஒரு பெரியவர், அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான், "டிஸ்சார்ஜ் புக் எங்கே?" என்று கேட்டார். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற பணி விவரப் புத்தகம் அது. அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். மனைவி பெயர்: சரோஜா தேவி. என் அம்மா சரோஜா. வடக்கே யாரோ ஒரு கிளார்க் தன் ஊர் வழக்கப்படி 'தேவி' சேர்த்திருக்கிறார். அதுவே பென்ஷன் ஆணையிலும் ஏறிவிட்டது. பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது வேறு. முப்பது வருஷமாக யாரும் அதைப் பார்க்கவில்லை.

திருத்தம் செய்ய வேண்டிய இடம் அப்பாவின் படைப்பிரிவு ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம். (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெல்லிங்டன். மற்ற பிரிவுகளுக்கு வேறு ஊர்.) நோட்டரி பிரமாணப் பத்திரம், ஆதார், போட்டோ எல்லாம் சேர்த்து நல அலுவலகத்தின் கடிதத்தோடு அனுப்பினோம். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தது ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தில் இருக்கும் சுபேதார் மாமா. ஒரு டீகூட வாங்கிக்கொள்ளவில்லை. எல்லாம் முடிய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அம்மா கையில் பென்ஷன் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: இன்றைக்கே டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ.வையும் (பென்ஷன் ஆணை) எடுத்து, அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாக ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் அம்மாவுக்குச் சேர வேண்டியவை. ஓய்வுக்குப் பிறகு இயற்கையாக இறந்தவரின் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், அதாவது கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம். பணி காரணமான இறப்பு என்று ஏற்கப்பட்டால் 60 சதவீதம். போரில் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் முழுவதும். இப்போது பென்ஷன் 'ஸ்பர்ஷ்' என்ற இணையதளம் வழியாக வருகிறது. அப்பா இறந்த தகவலையும் அதிலேயே பதிய வேண்டும். வீட்டில் வசதி இல்லாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் செய்து தருவார்கள். வருஷா வருஷம் உயிர்வாழ்ச் சான்றும் கொடுக்க வேண்டும், மறந்தால் பென்ஷன் நின்றுவிடும்.

மருத்துவத்துக்கு இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) இருக்கிறது. 2003 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். அப்பா சேர்ந்திருந்தால் அம்மாவுக்கு அந்த உரிமை தொடரும், ஆனால் கார்டை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு கார்டு தேடுவது கொடுமை. எங்களுக்கு அப்படி ஒரு ராத்திரி வந்தது. ராணுவ கேன்டீன் கார்டும் அப்படித்தான், மாற்றித் தருவார்கள்.

தம்பி தங்கை படிக்கிறார்களா? பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் பிரதமரின் கல்வி உதவித்தொகைக்கு மத்திய படைவீரர் வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் பெண்பிள்ளைக்கு மாதம் 3000 ரூபாய், பையனுக்கு 2500. டிசம்பர் 7 கொடிநாள் அன்று உண்டியலில் போடுகிறோமே, அந்தப் பணம் படைவீரர் குடும்பங்களுக்கான நல உதவிகளுக்குத்தான் போகிறது. 1949இல் இருந்து நடக்கிறது.

நல அலுவலகத்துக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். எல்லாவற்றையும் நீங்களே முடித்துவிடாமல், எந்தக் காகிதம் எதற்கு என்று அவருக்கும் தெரியட்டும். என் அம்மா இப்போது பைலைத் தன் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறார்.

இன்னொன்று. பதினைந்து வருஷம் முடிக்காமல் திரும்பி வந்ததால் பென்ஷனே இல்லாத ஜவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஹவில்தார் வரையிலான ரேங்கில் இருந்து, பென்ஷன் இல்லாமல், 65 வயது தாண்டியவர்களுக்கும் அப்படிப்பட்டவர்களின் விதவைகளுக்கும் மத்திய வாரியம் வறுமை உதவி தருகிறது. மாதம் 4000 ரூபாயாக இருந்ததை 2025இல் 8000 ஆக்கினார்கள். எங்கள் தெருக்கோடியில் இருந்த பாட்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் தெருவில் யாராவது இருந்தால், அதே பஸ்ஸில் அவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.