வாரென் கொடிவழி: கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் ஆங்கிலேயர், குடும்பப்பெயர் வாரென். 1066-ல் இங்கிலாந்தை வென்று அரசரான வில்லியமோடு அங்கே வந்த நார்மன் பிரபு வாரெனின் வாரிசு நாங்கள் என்கிறார் மாமனார். உண்மையா?

பதில்: பெயர் ஒன்று என்பதால் ரத்தமும் ஒன்றாகிவிடாது. அந்தப் பிரபுவின் பெயரும் வில்லியம்தான். அவருடைய பேரன், மூன்றாம் வில்லியம் வாரென், 1148-ல் சிலுவைப்போரில் இறந்தார். மூத்த கிளையில் ஆண்வழி அதோடு நின்றது. ஒரே மகள் இசபெல். அவரை 1164-ல் மணந்த ஹாமெலின், அரசர் இரண்டாம் ஹென்றியின் தந்தைக்கு மணஉறவுக்கு வெளியே பிறந்தவர். மனைவி வீட்டுப் பெயரை ஏற்றுக்கொண்டார். பிற்கால வாரென் ஏர்ல்கள் (பிரபுப் பட்டம் பெற்றவர்கள்) எல்லோரும் ஆண்வழியில் ஹாமெலினின் சந்ததி. அவர்களில் கடைசியானவர் 1347-ல் முறையான வாரிசின்றி இறந்தார். மாமனாரின் தாத்தாவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1066-லிருந்து முன்னோக்கி வந்தால் விரும்பிய இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

கேள்வி: சர்ச் பதிவேடுகள் 1538-ல்தான் தொடங்குகின்றன. அதற்கு முன்?

பதில்: நிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டிலிருந்து, அரசரிடம் நேராக நிலம் பெற்றவர் இறந்தால் விசாரணை நடக்கும். எந்தெந்த நிலம், வாரிசு யார், வயது என்ன என்று உள்ளூர்க்காரர்கள் சத்தியம் செய்து சொல்வார்கள். அதற்கும் முன் மடங்களுக்கு எழுதிய தானப் பத்திரங்கள். சாட்சிகளின் பெயர் வரிசையைத் தவறாமல் படியுங்கள். லத்தீனில் 'நெபோஸ்' என்று வந்தால் அவசரப்படாதீர்கள். பேரனுக்கும் அதே சொல், உடன்பிறந்தார் மகனுக்கும் அதே சொல். நம் 'மருமகன்' அக்கா மகனா, மகளின் கணவனா என்று குழப்புவதைப் போலத்தான். இந்த ஒரு சொல்லால் ஒரு தலைமுறையே பிசகிய மரங்கள் உண்டு.

கேள்வி: டிஎன்ஏ சோதனையில் தெரிந்துவிடாதா?

பதில்: ஒப்பிட அந்தக் கால வாரென் ஒருவரின் உறுதியான மாதிரி வேண்டுமே.

கேள்வி: முதல் வாரென் பிரபு வில்லியமின் மனைவி குண்ட்ராடா, 1066-ல் வென்ற அரசர் வெற்றிவேந்தர் வில்லியமின் மகள்தானே? கல்லறைக் கல்லிலேயே 'கோமகன்களின் வழித்தோன்றல்' என்று இருக்கிறதே.

பதில்: இல்லை. கோமகன் என்றால் நார்மண்டிக் கோமகன்தான் என்று அந்தக் கல் சொல்லவில்லை. வரலாறெழுதிய துறவி ஆர்டெரிக், குண்ட்ராடாவை ஃபிளாண்டர்ஸ்காரர் கெர்போடின் சகோதரி என்கிறார். அதைவிட வலுவான சான்று ஒரு கடிதம். குண்ட்ராடாவின் மகனுக்குத் தன் மகளைக் கொடுக்க அரசர் முதலாம் ஹென்றி நினைத்தார். பேராயர் ஆன்செல்ம் கூடாதென்றார். காரணம், இருவரும் ஒரு பக்கம் நாலாம் தலைமுறையிலும் மறு பக்கம் ஆறாம் தலைமுறையிலும் உறவு. ஹென்றி வெற்றிவேந்தரின் மகன். குண்ட்ராடா அவருடைய அக்கா என்றால் அந்த இருவரும் அத்தை மகனும் மாமன் மகளும் ஆகிவிடுவார்கள். நமக்கு அது கட்டிக்கொள்ளும் முறை, அவர்கள் திருச்சபையில் பெரும் பாவம். கண்ணெதிரே அப்படியொரு உறவு இருந்தால் ஆன்செல்ம் எங்கோ கிடக்கும் ஆறாம் தலைமுறையையா எண்ணுவார்?

கேள்வி: வெற்றிவேந்தரின் மனைவி அரசி மட்டில்டாவுக்கு, அதற்கு முன் நடந்த முதல் திருமணத்தில் பிறந்தவராக இருக்கலாமே?

பதில்: இருந்தாலும் ஹென்றியும் குண்ட்ராடாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிள்ளைகளின் முறை மாறாது, ஆன்செல்மின் கணக்கும் இடிக்கும். வாரென் பிரபு லூயிஸ் மடத்துக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தில் மட்டில்டா 'என் மனைவியின் தாய்' என்று வருகிறதே என்பீர்கள். அது பிற்காலத்தில் நுழைந்த சொல். மடத்துக்கு அரச ரத்தம் பெருமை, அதனால் நுழைந்தது. அந்தப் பெருமைக்காக ஒரு பெண்ணின் உண்மையான சகோதரன் கெர்போடை நாம் மறைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் குடும்பமும் வாரென்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 1066-ல் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் வில்லியமோடு போரிட்டவர் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது!

பதில்: 'பேட்டில் மடப் பட்டியல்' என்று சுற்றுபவை பிற்காலப் பிரதிகள், பெயர்கள் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. அன்று களத்தில் இருந்ததற்கு உறுதியான சான்று உள்ளவர்கள் மிகச் சிலர்தான்.

கேள்வி: சிசிலிக்குப் போன நார்மன்கள் பற்றி?

பதில்: என் துறையல்ல. இத்தாலிய ஆவணம் படிப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: குண்ட்ராடா தொடர்பாக நேரில் பார்க்க ஏதாவது?

பதில்: லூயிஸ் நகரின் சவுத்ஓவர் தேவாலயம். 1845-ல் ரயில் பாதைக்கு மண் வெட்டியபோது இரண்டு சிறு ஈயப் பெட்டிகள் கிடைத்தன, கணவன் மனைவியின் எலும்புகளோடு. ஒன்றின் மூடியில் 'குண்ட்ராடா' என்று பெயர் மட்டும்தான். யார் மகள் என்று எழுதவில்லை.