புயல் குப்பைக் குவியலை லாரி ஏன் எடுக்கவில்லை?

2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கிய மில்டன் புயலுக்குப் பிறகு குப்பை லாரி இரண்டு தடவை தெருவுக்கு வந்தும் உங்கள் குவியலைத் தொடவில்லை என்கிறீர்கள். காரணம் நீங்கள் சொன்னதிலேயே இருக்கிறது: ஓக் மரக் கிளைகளோடு வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்த, நனைந்த ஜிப்சம் பலகையும் கலந்து கிடக்கிறது. ஃபுளோரிடாவில் பொதுவாக மரக்கழிவை எடுக்க லாரி ஒரு சுற்று வரும், ஜிப்சம் பலகை போன்ற கட்டட இடிபாட்டுக்கு வேறு சுற்று. கலந்திருந்தால் இரண்டு சுற்றிலும் வருபவர்கள் தாண்டிப் போய்விடக்கூடும்.

பிரித்து இரண்டு குவியலாக்குங்கள், நடுவில் நாலடி விட்டு. இலைகளை பிளாஸ்டிக் பையிலிருந்து கொட்டிவிடுங்கள்; மரக்கழிவு அரைவைக்குப் போகிறது, பை போகக் கூடாது. மின்கம்பிக்கோ மரத்துக்கோ அடியில் வைக்கவே வேண்டாம், லாரியின் இரும்புக்கை உயர்ந்து இறங்கித்தான் அள்ளும். தரையில் பதித்த தண்ணீர் மீட்டர் மேல் குவித்தால் அதன் மூடியும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். ஃபிரிட்ஜைக் கதவுக்கு டேப் சுற்றித் தனியாக வையுங்கள். எல்லாமே சாலையோரப் புல்லில், தார் மேல் ஏறாமல். வேலிக்குள் வந்து எடுக்க மாட்டார்கள்.