வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

2004-இல் வந்த, ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டு, மாதச் சந்தா வேறு. இன்னும் ஏன் விடாமல் ஆடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிராஃபிக்ஸ் காரணமில்லை. கதையை முழுசாகப் படிக்காமல் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் (நானும்தான்). கூட ஆடும் ஆட்கள்தான் காரணம்.

மோல்டன் கோர் என்ற நெருப்புக் குகையை எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேர் கூடி இறங்க வேண்டும். அங்கே பாரன் கெடன் என்றொரு அரக்கன், திடீரென்று யாராவது ஒருவரை உயிருள்ள வெடிகுண்டாக்கிவிடுவான். சில நொடிகளில் அவர் கூட்டத்தைவிட்டு ஓடிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காபியை எடுக்கத் திரும்பினீர்களோ, பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து காலி. அப்புறம் ஹெட்செட்டில் விழும் திட்டு இருக்கிறதே! அவன் சாயும் இரவில் அதே ஆட்கள் கத்தும் சந்தோஷக் கூச்சலுக்காகத்தான் அடுத்த வாரமும் போவோம்.

இன்னொன்று, எதுவும் லேசில் கிடைக்காது. ஆரம்பப் பதிப்பில் 40-ஆம் நிலை வரை குதிரை கிடையாது, நடைதான். அலுப்புதான், ஆனால் வழியில் எதிர்ப்படும் முன்பின் தெரியாதவர் ஒரு ஓநாயிடமிருந்து நம்மைக் காப்பாற்றி, கையசைத்துவிட்டுப் போவார். இப்படித்தான் நட்பு பிடிக்கும். பின்னாளில் வந்த வசதிகள் இதையெல்லாம் குறைத்துவிட்டன என்பது என் எண்ணம். 2019-இல் பழைய பதிப்பை ‘கிளாசிக்’ என்று திரும்ப வெளியிட்டபோது, சர்வருக்குள் நுழையவே மணிக்கணக்கில் வரிசை நின்றது.