சிக்னலில் நின்றால் சூடேறும் கார்

கேள்வி: 2012 மாடல் சான்ட்ரோ வைத்திருக்கிறேன். தாம்பரத்திலிருந்து கிண்டி போகும் டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் கிடுகிடுவென ஏறுகிறது. செங்கல்பட்டு தாண்டி 80-ல் ஓட்டினால் தானாக இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்டை (குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தால் ஹைவேயிலும் கொதித்திருக்கும். அதைக் கழற்றினால் இன்ஜின் சூடாகவே நேரம் பிடிக்கும். இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் போய்விடும்.

வண்டி வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் ஃபேன் மட்டும்தான் கதி. அதனால் என் சந்தேகம் முழுக்க ஃபேன் மேல்தான்.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். ஏ.சி.யை அணைத்து, பானெட்டைத் திறந்து, ஐடிலில் ஓடவிடுங்கள். முள் பாதியைச் சற்றுத் தாண்டும் சமயத்தில் ஃபேன் 'உர்ர்' என்று கிளம்பி, கொஞ்ச நேரம் சுற்றி, நிற்க வேண்டும். ஏ.சி. போட்டுப் பார்த்து 'ஃபேன் ஓடுதே' என்று பலர் ஏமாறுவது இங்கேதான்: இரண்டு ஃபேன் உள்ள கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கானது ஓடும், ரேடியேட்டருடையது செத்துக் கிடக்கும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அது சொல்லிக்கொண்டு கிளம்பாது. முள் சிவப்பை நெருங்கியும் சுற்றவில்லையா, சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள்.

சுற்றவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ். அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்டை விடும் சுவிட்ச். ஃப்யூஸ் பெட்டியில் அதே நம்பர் போட்ட வேறு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள், செலவில்லாத சோதனை. பிறகு ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது ஓடினால் கோளாறு சென்சாரிலோ வயரிங்கிலோ. ஓடாமல், லேசாகத் தட்டினால் மட்டும் சுற்றினால் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மோட்டாரை மாற்றிவிடுங்கள்.

ஃபேன் நன்றாகவே ஓடுகிறதா? அப்படியானால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் பூச்சியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு சாதாரண ஹோஸ் தண்ணீரால் உட்பக்கமிருந்து வெளியே கழுவினால் போதும். பிரஷர் வாஷ் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கூலன்டையும் பாருங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே உப்பு படிந்த ரேடியேட்டர்கள் நம் ஊரில் ஏராளம். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே வரும் கேன் என்றால் அப்படியே ஊற்றலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். அந்த மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதே காரணத்தால், சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

ரிப்பேர் ஆகும்வரை டிராஃபிக்கில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். வியர்த்து ஊற்றும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். அப்படியும் இறங்கவில்லையா, ஓரம்கட்டி நிறுத்துங்கள்.

அப்புறம் ஒன்று. கீழே சொட்டு ஒழுகாமலேயே கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, ஆயில் மூடிக்கு அடியில் பழுப்பு நுரை படிந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், கட்டி இழுத்தே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.