காலியான நகர மையங்கள்: அமெரிக்கப் புறநகர்ப் பெயர்வு பற்றிய கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் பழைய தொழில் நகரங்களிலிருந்து லட்சக்கணக்கான குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. அவர்கள் விட்டுச் சென்ற நகர மையங்களுக்கு என்ன நேர்ந்தது என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நகர நிர்வாக வரலாற்றை நெடுநாளாகப் படித்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தோட்டமும் அமைதியும் உள்ள தனி வீட்டை மக்கள் விரும்பினார்கள், கார் வந்தது, போனார்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையா?

பதில்: அந்த விருப்பம் உண்மையானதே. நெரிசலான வாடகைக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு முற்றமுள்ள வீடு வேண்டும் என நினைத்ததில் குறை காண நான் விரும்பவில்லை. ஆனால் அந்த விருப்பத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1934-இல் தொடங்கப்பட்ட மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வங்கிகளின் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்ததால், குறைந்த முன்பணத்தில், நீண்ட தவணையில் வீடு வாங்குவது சாதாரணச் சம்பளக்காரருக்கும் இயலக்கூடியதாயிற்று. அந்தக் காப்புறுதி பெரும்பாலும் புறநகரில் புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகளுக்கே கிடைத்தது. நகரின் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவோ அடுக்குமாடியில் வீடு வாங்கவோ அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் இத்தகைய கடன் வசதியைத் தந்தது. 1956-இல் 41,000 மைல் நீள நெடுஞ்சாலைத் திட்டம் வந்தபோது செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. நகர மையத்தை ஊடுருவிச் செல்லும் ஒவ்வொரு புதிய நெடுஞ்சாலையும் அந்நகரின் மக்கள்தொகையை ஏறத்தாழ 18 விழுக்காடு குறைத்தது என்று பொருளியலாளர் நத்தானியல் பாம்-ஸ்னோ 2007-இல் கணக்கிட்டுக் காட்டினார். மக்கள் தாமாகவே போனார்கள் என்பது உண்மைதான். அவர்கள் போன பாதையைப் போட்டது அரசு.

கேள்வி: கறுப்பின மக்கள் வந்ததால்தான் வெள்ளையர்கள் வெளியேறினார்கள் என்பது மிகைப்படுத்தல் இல்லையா?

பதில்: மிகையில்லை, ஆனால் முழு உண்மையும் அதுவன்று. 1940 முதல் 1970 வரை தென் மாநிலங்களிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் வந்த காலத்தை ஆராய்ந்த பொருளியலாளர் லியா பூஸ்தான், நகரத்துக்குள் வந்த ஒவ்வொரு கறுப்பினத்தவருக்கும் சராசரியாக 2.7 வெள்ளையர்கள் வெளியேறினார்கள் என்று கண்டார். வந்தவர்களுக்கு இடம் தர வேண்டிய அளவுக்கு மட்டும் பிறர் நகர்ந்திருந்தால் இந்த எண் ஒன்றுக்கு அருகில் இருந்திருக்கும்.

இதில் நான் வற்புறுத்த விரும்புவது, வெளியேறும் உரிமை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பதைத்தான். 1930-களில் அரசு நிறுவனங்கள் தயாரித்த வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டு, கடன் கொடுக்கத் தகாத இடங்கள் என ஒதுக்கப்பட்டன. 1941-இல் மிச்சிகன் மாநிலத்தின் கார் தொழில் நகரமான டெட்ராய்டின் எட்டாம் மைல் சாலைக்கு அருகே ஒரு கட்டுமானத் தொழிலதிபர், தம் வெள்ளையர் குடியிருப்புக்குக் கடன் காப்புறுதி பெறுவதற்காகவே பக்கத்திலிருந்த கறுப்பினக் குடியிருப்பைப் பிரித்து ஆறடி உயரத்தில் சுவர் எழுப்பினார். அச்சுவரின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. வீட்டுப் பத்திரங்களில், கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்பது போன்ற இன விலக்கு விதிகளை எழுதிவைத்தால் அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது. அதற்குள் புறநகர்களின் முதல் தலைமுறை குடியேறி முடித்துவிட்டது. ஒரு சாரார் வீட்டின் வழியாகச் சொத்துச் சேர்த்த அந்த முப்பது ஆண்டுகளில் இன்னொரு சாரார் நகரத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கப்பட்டார்கள்.

கேள்வி: டெட்ராய்டை அழித்தது 1967-ஆம் ஆண்டுக் கலவரம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பதில்: கணக்கெடுப்பு அதை ஏற்கவில்லை. 1950-இல் சுமார் 18.5 லட்சமாக இருந்த டெட்ராய்டின் மக்கள்தொகை 1960-இல் 16.7 லட்சமாகிவிட்டது. அதாவது, 43 உயிர்களைப் பறித்த ஜூலை 1967-க்குப் பல ஆண்டுகள் முன்பே நகரம் 1.8 லட்சம் பேரை இழந்திருந்தது. ஒரே தளத்தில் விரிந்து கிடக்கும் புதிய வகைத் தொழிற்சாலைகளுக்கு அகன்ற நிலம் தேவைப்பட்டதால் கார் நிறுவனங்களும் அப்போதே வெளியே போய்க்கொண்டிருந்தன. கலவரம் வெளியேற்றத்தை விரைவுபடுத்தியது; தொடக்கம் அதுவன்று.

கேள்வி: மக்கள் குறைந்தால் தேவையும் குறையும், செலவும் குறையும். நகரம் ஏன் நொடித்துப்போக வேண்டும்? சிறிய நகரமாக நன்றாக வாழ முடியாதா?

பதில்: வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இது என்று கருதுகிறேன். நகரத்தின் செலவு தலைக்கணக்கில் குறைவதில்லை. ஒரு தெருவின் நாற்பது வீடுகளில் முப்பது காலியானாலும், மீதமுள்ள பத்து வீடுகளுக்காக அதே நீளத்துக்குக் குடிநீர்க் குழாயைப் பராமரிக்க வேண்டும், அதே விளக்குகளை எரியவிட வேண்டும், தீயணைப்பு வண்டி அதே நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். போதாக்குறைக்குக் காலி வீடுகளே தீவிபத்துக்கும் குற்றத்துக்கும் இடமாகிப் புதிய செலவைக் கொண்டுவருகின்றன. கூட்டுக் குடும்பத்தில் சம்பாதிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தனிக்குடித்தனம் போன பிறகும், பழைய வீட்டின் கடனும் பெரியவர்களின் மருந்துச் செலவும் அங்கே தங்கிவிட்டவர் தலையில் விழுவதைப் போன்றது இது.

இங்கே பெரியவர்கள் என்பது ஓய்வூதியர்கள். பெரிய நகரமாக இருந்தபோது பணியாற்றியவர்களுக்கு அளித்த வாக்குறுதியைச் சுருங்கிப்போன நகரம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. டெட்ராய்ட் 18 ஜூலை 2013 அன்று திவால் மனு கொடுத்தபோது அதன் கடன் பொறுப்பு சுமார் 1,800 கோடி டாலர். அமெரிக்க நகராட்சி வரலாற்றில் அதற்கு முன் அத்தனை பெரிய திவால் நிகழ்ந்ததில்லை. அப்போது அந்நகரில் பணியில் இருந்தவர்களைவிட ஓய்வூதியர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தார்கள். தெருவிளக்குகளில் சுமார் 40 விழுக்காடு எரியவில்லை. தீர்வு வந்தபோது காவல், தீயணைப்புத் துறைகளைச் சேராத ஓய்வூதியர்களின் மாதத் தொகையில் 4.5 விழுக்காடு வெட்டப்பட்டது. வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ற ஆண்டு உயர்வும் அவர்களுக்கு நின்றுபோனது. புறநகருக்குப் போகாமல் நகரத்துக்காக உழைத்த முதியவர்கள் மற்றவர்கள் போனதற்கான விலையைக் கொடுத்தது எனக்கு இன்றும் ஏற்க முடியாத அநீதியாகத் தெரிகிறது.

வருவாய்ப் பக்கத்தில் இன்னொரு சுழல் உண்டு. வரி கட்டுவோர் குறையும்போது நகரம் வரி விகிதத்தை உயர்த்துகிறது. அந்த உயர்வே அடுத்த குடும்பம் வெளியேறுவதற்குக் காரணமாகிறது. முதலில் போகிறவர் வசதியுள்ளவர், கடைசிவரை இருப்பவர் வேறு வழியில்லாதவர் என்பதால், ஆள் எண்ணிக்கை குறைவதைவிட வேகமாக வரி தரும் திறன் குறைகிறது. ஆகவே, சிறிய நகரமாக வாழலாமே என்ற யோசனை தாளில் சரியாக இருந்தாலும், சுருங்குவது பெரும்பாலும் ஏழ்மைப்படுவதாகவே முடிந்திருக்கிறது.

கேள்வி: நகர மையத்தின் கடைத்தெருக்கள் முதலில் செத்தனவா, மக்கள் முதலில் போனார்களா?

பதில்: பெரும்பாலும் மக்கள் முதலில் போனார்கள், கடைகள் பின்தொடர்ந்தன. டெட்ராய்டின் உட்வர்ட் அவென்யூவில் இருந்த ஹட்சன்ஸ் பேரங்காடி அந்நகரின் அடையாளமாகவே இருந்தது. அந்த நிறுவனமே 1954-இல் சௌத்ஃபீல்ட் புறநகரில் நார்த்லாண்ட் என்ற மாபெரும் வணிக வளாகத்தைத் திறந்தது. மையத்திலிருந்த கடை 1983-இல் மூடப்பட்டது, 1998-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நார்த்லாண்டும் 2015-இல் மூடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாங்குவோர் அதைவிடத் தொலைவில் இருந்த புறநகர்களுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கேள்வி: செயின்ட் லூயிஸ் மற்ற நகரங்களைவிட மோசமாகச் சுருங்கியது ஏன்?

பதில்: 1876-இல் அந்நகரம் தன்னைச் சுற்றியிருந்த மாவட்டத்திலிருந்து தானாகவே பிரிந்தது. கிராமப்புறச் சாலைகளுக்கு நகரத்தார் ஏன் வரி கட்ட வேண்டும் என்பதே அன்றைய வாதம். அன்று வரைந்த எல்லை அதன் பின் விரிவடையவே இல்லை. வளர்ச்சி எல்லாம் கோட்டுக்கு வெளியே நடந்தது. 1950-இல் சுமார் 8.57 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020-இல் 3.02 லட்சமாகி, 1880-இல் இருந்ததைவிடவும் கீழே போய்விட்டது. ஹூஸ்டன் போன்ற நகரங்கள் இதே காலத்தில் சுற்றுப்பகுதிகளைத் தம்மோடு இணைத்துக்கொண்டே போனதால், அங்கும் மக்கள் மையத்தை விட்டு விலகினார்கள் என்றாலும் அவர்களுடைய வரி நகரத்தை விட்டு விலகவில்லை. இரு நகரங்களின் மக்களும் ஒரே வகை வாழ்க்கையையே தேடினார்கள். வேறுபட்டது எல்லைக்கோடு மட்டுமே.

கேள்வி: பள்ளிகளின் பங்கு என்ன?

பதில்: மிகப் பெரிய பங்கு. டெட்ராய்டில் பள்ளிகளின் இனப் பிரிவினையை நீக்க வேண்டுமானால் சுற்றியுள்ள 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்தே மாணவர்களைப் பகிர வேண்டும் எனக் கீழமை நீதிமன்றம் கருதியது. 1974-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை நிராகரித்தது. பிரிவினையில் புறநகர் மாவட்டங்களுக்குப் பங்கு இருந்ததாக நிரூபிக்கப்படாத நிலையில் அவற்றை இழுக்க முடியாது என்பது பெரும்பான்மையின் நிலைப்பாடு. நீதிபதி தர்குட் மார்ஷல் அதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். நகர எல்லையைக் கடந்துவிட்டால் நகரப் பள்ளியின் சிக்கலிலிருந்தும் விடுதலை என்பதை அத்தீர்ப்பு உறுதிசெய்தது. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அதைப் புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை.

கேள்வி: மையத்தில் தங்கியவர்களின் உடல்நலத்துக்கு இதில் ஏதும் பாதிப்பு உண்டா?

பதில்: உண்டு. புறநகர்வாசிகள் வேலைக்கு வந்துபோகும் நெடுஞ்சாலைகளின் புகை, அவற்றின் ஓரத்தில் வாழ்பவர்களின் நுரையீரலுக்குப் போகிறது; போக்குவரத்துப் புகைக்கும் குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பு மருத்துவ ஆய்வுகளில் உறுதிப்பட்டது. சாலை போட இடிக்கப்பட்ட பகுதிகளும் பெரும்பாலும் கறுப்பினக் குடியிருப்புகளே. டெட்ராய்டின் ஹேஸ்டிங்ஸ் தெருவில் இருந்த கடைகளும் இசை அரங்குகளும் கிரைஸ்லர் நெடுஞ்சாலைக்கு அடியில் மறைந்தன. செயின்ட் பால் நகரின் ராண்டோ பகுதியும் அவ்வாறே போயிற்று. ஆனால் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் தன் மையத்தைச் சுற்றிப் பள்ளமாக ஓடிய வளையச் சாலையின் கிழக்குப் பகுதியை மண்ணிட்டு நிரப்பி, 2017-இல் அந்தப் பணியை முடித்து, அங்கே வீடுகள் கட்ட இடம் கொடுத்தது. சாலையை எடுத்தால் நகரம் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு இது நல்ல பதில்.

கேள்வி: புறநகருக்குப் போனவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்கள் அல்லவா?

பதில்: எல்லாரும் இல்லை. முதலில் உருவான, நகரத்தை ஒட்டிய புறநகர்கள் இப்போது அதே சுழலில் சிக்கியிருக்கின்றன. செயின்ட் லூயிஸ் அருகேயுள்ள ஃபெர்குசன் நகராட்சி, வரி வருவாய் போதாமல் அபராதங்களையே வருமானமாக நம்பியிருந்ததையும், அந்தச் சுமை கறுப்பின மக்கள்மேல் விழுந்ததையும் மத்திய அரசின் நீதி அமைச்சகத்தின் 2015-ஆம் ஆண்டு அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது.

கேள்வி: இதைச் சரிசெய்த இடம் ஏதாவது உண்டா?

பதில்: முழுமையாகச் சரிசெய்த இடம் என்று ஒன்றைக் காட்டமாட்டேன், ஆனால் வழி தெரிந்த இடங்கள் உண்டு. நான் மிகவும் மதிப்பது மின்னசோட்டா மாநிலத்தின் 1971-ஆம் ஆண்டுச் சட்டம். மினியாபோலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களில் வணிக, தொழில் சொத்துகளின் மதிப்பு வளர்ச்சியில் 40 விழுக்காடு ஒரு பொதுத் தொகுப்புக்குப் போகிறது. அங்கிருந்து மக்கள்தொகையையும் வரி தரும் திறனையும் பார்த்து ஊர்களுக்குப் பகிரப்படுகிறது. ஒரு புதிய வணிக வளாகம் புறநகரில் அமைந்தாலும் பக்கத்து ஊர்கள் வெறுங்கையோடு நிற்பதில்லை. இதன் சிறப்பு, யாரையும் எங்கும் வாழக்கூடாது என்று சொல்லாததுதான்.

இண்டியானாபோலிஸ் 1970-இல் நகரத்தையும் மாவட்டத்தையும் ஒரே நிர்வாகமாக்கியது. நல்ல முயற்சியே, ஆனால் பள்ளி மாவட்டங்களைச் சேர்க்காமல் விட்டார்கள். குடும்பங்கள் வெளியேறும் முதன்மைக் காரணத்தைத் தொடாத இணைப்பு பாதி இணைப்புதான்.

கேள்வி: டெட்ராய்ட் மீண்டுவிட்டது என்று செய்திகள் வருகின்றனவே?

பதில்: மகிழத்தக்க மாற்றங்கள் உண்டு. தெருவிளக்குகள் மீண்டும் எரிகின்றன. 1988-இல் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து 2024-இல் திறந்தது. 2023 ஜூலையுடன் முடிந்த ஆண்டில் மக்கள்தொகை சற்றே உயர்ந்ததாக, 1957-க்குப் பின் முதல் முறையாக, அரசின் மதிப்பீடு கூறியது. ஆனால் மையத்தின் சில சதுர மைல்களை வைத்து 139 சதுர மைல் நகரத்தை அளக்கக் கூடாது. மையத்தில் எழும் பெரிய கட்டடங்களில் பல நீண்ட கால வரிச் சலுகையோடு எழுகின்றன. தொலைவிலுள்ள குடியிருப்புகளில் பழைய வீட்டைக் காத்துவருபவர் நாட்டிலேயே மிக உயர்ந்த சொத்து வரி விகிதங்களில் ஒன்றைக் கட்டுகிறார். அந்த விகிதம் இறங்கும்போதுதான் மீண்டுவிட்டது என்ற சொல்லை நான் பயன்படுத்துவேன்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கம் நகர மையத்தை மறுபடியும் காலியாக்குமா?

பதில்: வருவாயைப் பொறுத்தவரை அது தொடங்கிவிட்டது. டெட்ராய்ட் தன் குடிமக்களின் வருமானத்தில் 2.4 விழுக்காடும், வெளியிலிருந்து வந்து வேலை செய்பவர்களிடம் 1.2 விழுக்காடும் வரி வாங்குகிறது. பிந்தையவர்களுக்கு, நகரத்துக்குள் வேலை செய்த நாள்களுக்கு மட்டுமே வரி உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் புறநகர் வீட்டில் அமர்ந்து அதே வேலையைச் செய்தவர்கள், பிடித்த வரியைத் திரும்பக் கேட்டுப் பெற்றார்கள். சட்டப்படி அது அவர்கள் உரிமை. மின்னசோட்டாவைப் போன்ற பகிர்வு ஏற்பாடு இல்லாத வட்டாரங்களில், அலுவலகம் ஒன்றும் இடம் மாறாமலேயே நகரம் வருமானத்தை இழக்க முடியும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.