வாசகர் கேள்வி–பதில்: சாண்டியாகோவிடம் மனோலின் கற்ற தொழில்

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ நாவல் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நாவலைப் படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: கியூபாவின் ஒரு மீனவ ஊரில் சாண்டியாகோ என்ற முதியவருக்கு 84 நாளாக மீன் கிடைக்கவில்லை. 85-வது நாள் தனியே வெகுதூரம் போய்ப் பிரம்மாண்டமான மார்லின் மீனைப் பிடிக்கிறார். கரை சேர்வதற்குள் சுறாக்கள் அதைத் தின்றுவிடுகின்றன. மனோலின் அவரிடம் சிறுவயதிலிருந்து தொழில் கற்ற பையன்.

இந்த நாவலைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்கள் எல்லோரும் ‘விடாமுயற்சி வெற்றி தரும்’ என்றே எழுதுகிறார்கள். மீன்தான் கடைசியில் கைக்கு வரவில்லையே! எப்படித் திருத்துவது?
– ஆசிரியை, திண்டுக்கல்

அந்த வரி இந்த நாவலுக்குப் பொருந்தாது. அவர்களைத் தூண்டில் இறக்கும் பக்கங்களுக்கு அழைத்துப்போங்கள். விடை அங்கே இருக்கிறது.

நன்றாக வெளிச்சம் வருவதற்கு முன்பே கிழவர் நான்கு கயிறுகளை இறக்கிவிடுகிறார். முதல் இரை 40 பாகம், அடுத்தது 75, மற்ற இரண்டும் 100, 125 பாகம். ஒரு பாகம் 6 அடி. அப்படியானால் கடைசி இரை 750 அடி ஆழத்தில் நிற்கிறது. இரைமீன் தலைகீழாகத் தொங்கும். தூண்டில் முள்ளின் நேரான தண்டு அதன் உடலுக்குள் மறையும்படி கட்டித் தைத்திருப்பார். வெளியே நீளும் வளைவையும் கூர்முனையையும் புது மத்தி மீன்கள் மூடியிருக்கும். ஒவ்வொரு மத்தியையும் இரண்டு கண்களின் வழியாகக் கோத்திருப்பார். பெரிய மீன் எந்தப் பக்கம் வாய் வைத்தாலும் அதற்கு இரும்பின் ருசி தெரியக் கூடாது. கயிறு தடித்த பென்சில் கனம். அதைப் பச்சைக் குச்சியில் மாட்டியிருப்பதால் மீன் லேசாக இழுத்தாலே குச்சி குனிந்து காட்டிவிடும். ஒவ்வொரு கயிற்றுக்கும் 40 பாகச் சுருள் இரண்டு கையிருப்பு உண்டு. சுருளோடு சுருளை முடிந்துகொண்டே போனால் 300 பாகத்துக்கு மேல் விட்டுக்கொடுக்கலாம்.

இதில் எங்கே தவறு நேரும் என்பதையும் நாவல் சொல்கிறது. மற்ற மீனவர்கள் கயிற்றை நீரோட்டத்தின் போக்கில் விட்டுவிடுகிறார்கள். கயிறு சாய்ந்துவிடும். 100 பாகத்தில் நிற்பதாக அவர்கள் நினைக்கும் இரை சில சமயம் 60 பாகத்தில்தான் இருக்கும். கிழவர் மெல்லத் துடுப்புப் போட்டுக் கயிறுகளைச் செங்குத்தாகவே வைத்திருக்கிறார். மார்லின் வந்து கடித்தது 100 பாகத்தில் நின்ற இரையை.

84 நாள் வெறும் படகோடு திரும்பிய ஒருவர் 85-வது நாள் காலையில் இவற்றில் ஒரு வேலையைக்கூடக் குறைத்துச் செய்யவில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் நல்லதுதான். ஆனால் துல்லியமாக இருப்பதே எனக்குப் பிடிக்கும், அதிர்ஷ்டம் வரும் நேரத்தில் தயாராக இருக்கலாம் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். துல்லியமாகச் செய்தால் மீன் கிடைத்தே தீரும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்த 84 நாளும் கயிறு நேராகத்தானே நின்றது? ‘மனம் தளரவில்லை’ என்று எழுதும் மாணவரிடம் ‘அன்று காலை என்னென்ன செய்தார்?’ என்று கேளுங்கள். கட்டுரை தானாகவே மாறிவிடும்.

மீன் மாட்டிய பிறகு கயிற்றைப் படகில் கட்டிவிட்டுப் படுத்திருக்கலாம். இரண்டு இரவு முதுகில் தாங்கிக்கொண்டிருப்பது வீம்பு இல்லையா?
– வாசகர், காரைக்கால்

வீம்பு இல்லை. கட்டிவைத்த கயிறு அசையாது. அவ்வளவு பெரிய மீன் திடீரென்று ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் அது அறுந்துவிடும். மனித உடம்பு அந்த நொடியில் வளைந்துகொடுக்கும், கை கொஞ்சம் கயிறு விடும், பாய்ச்சல் அடங்கியதும் மறுபடி இறுக்கும். அறுந்துபோகும் நிலைக்குச் சற்று முன்வரை இறுக்கிப் பிடிப்பதுதான் இரண்டு நாளும் அவர் செய்த வேலை. மீன் இழுத்துப்போகும் படகும் சேர்ந்து அதைக் களைப்பாக்குகிறது.

இதற்கு அவர் உடம்பை எப்படிப் பங்குபோடுகிறார் என்று கவனித்துப் படியுங்கள். கயிறு தோளில் அறுக்காமலிருக்க ஒரு சாக்கை மடித்து அடியில் கொடுக்கிறார். சுமையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுகிறார். இடது கை மரத்துச் சுருண்டுகொள்கிறது. அதைத் திட்டினாலும் வலுக்கட்டாயமாகப் பிரிக்கவில்லை. வெயிலில் காட்டி, அது தானாக விரியும் வரை காத்திருக்கிறார். காலையில் பிடித்த பத்து ராத்தல் சூரை மீனை நீளவாக்கில் கீறித் துண்டு போட்டு, உப்பும் எலுமிச்சையும் இல்லாமல் பச்சையாகவே மென்று விழுங்குகிறார். பசி அல்ல காரணம், கைக்குப் பலம் வேண்டும். தூங்கும்போதுகூட வலது கையில் கயிற்றைப் பிடித்து உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்து, இடது கையையும் கயிற்றில் வைத்துக்கொள்கிறார். வலது கை தளர்ந்து கயிறு ஓடினால் இடது கை எழுப்பிவிடும்.

அவர் இழக்கத் தயங்காததையும் பாருங்கள். முதல் இரவில் இன்னொரு தூண்டிலில் ஏதோ மாட்டுகிறது. என்ன மீன் என்று பார்க்கக்கூட இல்லை. இருட்டிலேயே அந்தக் கயிற்றை அறுத்துவிடுகிறார். பிறகு எஞ்சிய இரண்டையும் அறுத்து, மிஞ்சிய சுருள்களையெல்லாம் பெரிய மீனின் கயிற்றோடு முடிகிறார். 200 பாகம் நல்ல கயிறும் முட்களும் போயின. அவற்றை வாங்கிக்கொள்ளலாம், இந்த மீனை வாங்க முடியாது என்பது கணக்கு.

மீன் பலமுறை மேலே துள்ளியபோது அவர் பயப்படாமல் ஆறுதல் அடைவதற்கும் தொழிலறிவே காரணம். துள்ளும் மீனின் முதுகோரத்துப் பைகளில் காற்று நிரம்பிவிடும்; அதனால் அது எட்டாத ஆழத்துக்குப் போய்ச் சாக முடியாது, சீக்கிரம் வட்டமடிக்கத் தொடங்கும் என்று அவர் எண்ணுகிறார். மூன்றாம் நாள் சூரியன் ஏறும்போது மீன் வட்டமடிக்கத் தொடங்குகிறது.

நாற்பது நாளில் வேறு படகுக்குப் போய்விட்ட மனோலினை நல்ல சீடன் என்று எப்படிச் சொல்வது?
– வாசகி, மதுரை

அவன் போகவில்லை, பெற்றோர் அனுப்பினார்கள். கிழவர் மிக மோசமான துரதிர்ஷ்டம் பிடித்தவர் என்று முடிவுகட்டி, அதிர்ஷ்டமுள்ள படகில் ஏற்றிவிட்டார்கள். புதுப் படகில் முதல் வாரமே மூன்று நல்ல மீன். திரும்பி வருகிறேன் என்று பையன் கேட்கும்போது கிழவர் சொல்லும் பதிலில்தான் குருவின் மனசு இருக்கிறது: நீ என் பிள்ளையாக இருந்தால் துணிந்து கூட்டிப்போவேன், ஆனால் நீ உன் அப்பா அம்மாவின் பிள்ளை, நல்ல படகில் இருக்கிறாய். தனக்கு ஆள் தேவைப்படும் நேரத்தில் சொல்கிறார் இதை.

பையனை ஐந்து வயதில் படகில் ஏற்றியவர் அவர். அன்று மீனைச் சரியாகக் களைப்பாக்காமலே உள்ளே இழுத்துப்போட்டதால் அது படகை உடைக்கப் பார்த்தது, பையன் உயிர்தப்பியதே பெரிது. அந்த வால் அடித்த சத்தமும், தன்னை முன்பக்கம் ஈரக் கயிற்றுச் சுருள்மேல் அவர் தூக்கி எறிந்ததும் அவனுக்கு அப்படியே நினைவிருக்கிறது. சாமான் சுமப்பதும் அப்போதே தொடங்கியது. புதுப் படகின் முதலாளியோ எதையும் யாரையும் தூக்க விடமாட்டார். அவருக்குப் பார்வையும் மங்கல். பறவைகள் எங்கே வட்டமிடுகின்றன என்பதைப் பையன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே அவனுக்கு வருமானம் இருக்கிறது, பாடம் குறைவு.

பிரிந்த பிறகு அவன் செய்வதைப் பாருங்கள். இரைக்கு மத்தி வாங்கித் தருகிறான். நான்கு தருகிறேன் என்கிறான், கிழவர் ஒன்று போதும் என்கிறார், இரண்டில் முடிகிறது. கடைக்காரரிடமிருந்து கறுப்பு பீன்ஸ், சோறு, வறுத்த வாழைப்பழம், குழம்பு என்று இரண்டடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவருகிறான். இல்லாத மஞ்சள் சோற்றையும் எப்போதோ விற்றுவிட்ட வீச்சுவலையையும் இருப்பதுபோலவே இருவரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். கிழவர் மானம் போகாமல் இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறார். பணிவு வந்துவிட்டதென்று அவருக்கே தெரியும், அது அவமானமாகத் தோன்றவில்லை. வாங்கிக்கொள்ளத் தெரிந்த குரு அபூர்வம்.

கடலில் ‘பையன் இருந்திருந்தால்’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பலர் தனிமை என்று மட்டும் படிக்கிறார்கள். ஓரிடத்தில், பையன் இருந்தால் கயிற்றுச் சுருள்களை நனைத்திருப்பான் என்கிறார். காய்ந்த கயிறு வேகமாக ஓடினால் கையைக் கிழிக்கும். அந்த வேலையைச் சொல்லாமலே செய்யத் தெரிந்தவன் அவன். தொழில் கற்றுக்கொடுத்ததற்கு இதைவிட நல்ல சான்று நாவலில் வேறில்லை.

வெறும் எலும்புக்கூட்டோடு திரும்பினால் அது தோல்விதானே? பையன் இதிலிருந்து என்ன கற்க முடியும்?
– வாசகர், திருநெல்வேலி

மீன் விஷயத்தில் தோல்விதான், மழுப்ப வேண்டாம். 18 அடி மீன். படகைவிட இரண்டு அடி நீளம். 1,500 ராத்தலுக்கு மேல் இருக்கும், வெட்டிச் சுத்தம்செய்தால் மூன்றில் இரண்டு பங்கு தேறும், ராத்தல் 30 சென்ட் என்று அவர் மனக்கணக்குப் போடுகிறார். 300 டாலர் வருகிறது. அத்தனையும் போயிற்று.

எப்படிப் போயிற்று என்பதை வரிசையாக எழுதிப் பாருங்கள். முதலில் வந்த மேக்கோ சுறாவை எறியீட்டியால் குத்திக் கொன்றார். ஈட்டியும் அதன் கயிறும் அதோடு மூழ்கின. சுறா தின்றது 40 ராத்தல், கடலில் கலந்த ரத்தம் அடுத்தவற்றை அழைத்தது. பிறகு துடுப்பில் கத்தியைக் கட்டிக் குத்தினார். தீட்டக் கல் கொண்டுவரவில்லையே என்று வருந்தினார். கத்தியின் அலகு ஒடிந்தது. தடியால் அடித்தார், கடைசியில் சுக்கான் பிடியால். எல்லாவற்றுக்கும் மேலே, மிகத் தூரம் வந்துவிட்டேன் என்று மீனிடமே ஒப்புக்கொள்கிறார். உப்பில்லாமல் இனிப் படகேற மாட்டேன் என்றவர், முன்பலகையில் கடல்நீரைத் தெளித்துக் காயவிட்டிருந்தால் உப்பு கிடைத்திருக்குமே என்றும் தன்னையே கடிந்துகொள்கிறார்.

கரையில் பையன் அவருடைய கைகளைப் பார்த்து அழுகிறான். கிழவர் தோற்றுப்போனேன் என்கிறார். மீன் உங்களைத் தோற்கடிக்கவில்லை என்று பையன் பிரித்துச் சொல்கிறான். இனி உங்களோடுதான் வருவேன், கற்க வேண்டியது நிறைய இருக்கிறது என்கிறான். உடனே கிழவர் அடுத்த பயணத்துக்கான வேலையைச் சொல்ல ஆரம்பிக்கிறார்: கொல்வதற்கு நல்ல ஈட்டி ஒன்று எப்போதும் படகில் இருக்க வேண்டும். பழைய ஃபோர்டு காரின் ஸ்பிரிங் பட்டையில் அலகு செய்யலாம். குவானபக்கோவாவில் சாணை பிடிக்கலாம். கூர்மையாக இருக்கட்டும், ஒடிந்துபோகும்படி பதம் ஏற்றக் கூடாது. என் கத்தி ஒடிந்துவிட்டது. ஆறுதல் வார்த்தை எதுவும் கேட்காமல், ஒடிந்த கத்தியிலிருந்து நேராக அடுத்த கத்திக்குப் போய்விடுகிறார். பையன் கற்பது இதைத்தான்.

நடந்த கதையா?
– வாசகர், ஈரோடு

விதை நடந்தது. கியூபாவின் கபான்யாஸ் பக்கத்துக் கிழவர் ஒருவர் தனியே பெரிய மார்லினைப் பிடித்து, சுறாக்கள் பாதிக்கு மேல் தின்றுவிட, அழுதுகொண்டிருந்த நிலையில் மீட்கப்பட்டார் என்று 1936-இல் ‘எஸ்குவயர்’ இதழில் ஹெமிங்வே ஒரு பத்தி எழுதினார். அந்தக் குறிப்பில் பையன் இல்லை. மனோலின் நாவலுக்காகப் பிறந்தவன். நாவல் 1952 செப்டம்பரில் ‘லைஃப்’ இதழில் முழுதாக வந்தது, 1953-இல் புலிட்சர் பரிசு பெற்றது, 1954-இல் ஹெமிங்வேக்கு நோபல் பரிசு.

கிழவர் ஏசுவின் உருவகம், சுறாக்கள் விமர்சகர்கள் என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, திருச்சி

தோளில் பாய்மரத்தைச் சுமந்து மேடேறி அவர் விழும் இடமும், கையில் ஆணி இறங்கியவர் எழுப்பும் ஒலி என்று வரும் வரியும் அந்த வாசிப்புக்கு இடம் தருகின்றன. ஆனால் கடல் கடல்தான், கிழவர் கிழவர்தான், சுறாக்கள் சுறாக்கள்தான் என்ற பொருளில் ஹெமிங்வே 1952-இல் கலை விமர்சகர் பெர்னார்ட் பெரன்சனுக்குக் கடிதம் எழுதினார். முதல் வாசிப்பில் மீன் மீனாகவே இருக்கட்டும். உருவகத்தில் தொடங்குகிறவர்கள் தூண்டில் பக்கங்களைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். நமக்கு அது பெரிய நஷ்டமாகப் படுகிறது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க ஆசை. எப்படிப் பிரித்துக்கொள்வது?
– நூலகர், தஞ்சாவூர்

நாவலில் அத்தியாயப் பிரிவே கிடையாது. நான்கு அமர்வு போதும். புறப்படுவதற்கு முந்தைய மாலையிலிருந்து படகு இறங்கும் வரை முதல் நாள். தூண்டில் இறக்குவதிலிருந்து மீன் படகை இழுத்துக்கொண்டு போவது வரை இரண்டாம் நாள். ஈட்டி பாயும் வரை மூன்றாம் நாள். இதுதான் நீளமானது, நடுவில் இடைவேளை விடுங்கள். சுறாக்களும் கரையும் நான்காம் நாள்.

இரண்டாம் அமர்வுக்கு முன் திடலில் சுண்ணாம்பால் 16 அடிக்குப் படகையும் பக்கத்தில் 18 அடிக்கு மீனையும் கோடு போட்டு, ஒரு பிள்ளையைப் படகுக்குள் உட்காரச் சொல்லுங்கள். பேஸ்பால், டிமாஜியோ பேச்சு வரும் இடங்களில் பிள்ளைகள் சலிப்பார்கள். பேஸ்பால் வீரர் டிமாஜியோவின் அப்பா மீனவர், டிமாஜியோ குதிகால் எலும்பு வலியோடு விளையாடியவர் என்ற இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். அலெக்சாண்டர் பெத்ரோவ் கண்ணாடியில் வண்ணம் தீட்டி எடுத்த 1999-ஆம் ஆண்டின் ஆஸ்கர் பெற்ற குறும்படம் சுமார் இருபது நிமிடம்தான். ஆனால் நான்காம் அமர்வு முடிந்த பிறகு காட்டுங்கள். முன்பே காட்டினால் மீனின் அளவைப் படம் தீர்மானித்துவிடும், பிள்ளைகள் கோடு போட்டது வீணாகும்.