இலை உதிரும் பருவத்தில் கவாத்து செய்யலாமா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் சில ஆப்பிள் மரங்களும் காய்கறிப் பாத்திகளும் இருக்கின்றன. குளிர்காலத்தில் மண் உறைந்துவிடும் இடம். இலை உதிரத் தொடங்கிவிட்டது. இப்போதே மரங்களைக் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிச் சீராக்கி), உரம் வைத்து, சருகைக் கூட்டி எரித்துவிடலாமா?

பதில்: மூன்றுமே இப்போது வேண்டாம். இந்தப் பருவத்தில் மேலே செடி ஓய்ந்தாலும் மண்ணில் கோடைச் சூடு கொஞ்ச நாள் தங்கும். வேர் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அதனால் கிளையை விட்டுவிட்டு மண்ணைக் கவனியுங்கள்.

இப்போது வெட்டினால் மரம் துளிர்க்கப் பார்க்கும். அந்த இளந்தளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்து கருக்கிவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் வைத்தாலும் இதே கதைதான். முறிந்த கிளை, காய்ந்த கிளை இருந்தால் மட்டும் எடுங்கள். ஆப்பிளுக்கு முழுக் கவாத்து குளிர்காலக் கடைசியில், மொட்டு விரிவதற்கு முன்பு.

சருகை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆப்பிள் இலைகளில் கரும்பச்சைப் புள்ளிகள் இருந்ததா? அது சொறி நோய். அந்தப் பூஞ்சணம் உதிர்ந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்து, வசந்த மழையில் வித்துகளைக் கிளப்பிப் புதுத் தளிரைப் பிடிக்கும். அந்த இலைகளைக் கூட்டித் தோட்டத்தை விட்டே அகற்றுங்கள். வீட்டு மட்குக் குவியலில் அதைக் கொல்லும் அளவுக்குச் சூடு பெரும்பாலும் ஏறாது. மற்ற மரங்களின் நல்ல இலைகளை ஏன் எரிக்க வேண்டும்? கம்பிவலைக் கூண்டில் நனைத்துக் குவித்தால் ஓரிரு ஆண்டில் இலைமட்கு ஆகிவிடும். அதில் சத்து குறைவுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பதில் கெட்டி. சீக்கிரம் வேண்டுமானால் இலையைப் பொடியாக்கி, வெட்டிய பச்சைப் புல்லோடு கலந்து விடுங்கள்.

காய்கறிப் பாத்தியில் கருகல் நோய் வந்த தக்காளிச் செடிகளை அடியோடு பிடுங்கிவிடுங்கள். நோயில்லாத பீன்ஸ், பட்டாணியைத் தரைமட்டத்தில் அறுத்தால் போதும், வேர் மண்ணுக்குள்ளேயே மட்கட்டும். காலியான பாத்தியில் பூண்டு நடுங்கள். எனக்குக் கேட்டால் இந்தப் பருவத்தில் செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை. மண் உறைவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்பு, பெரிய பற்களாகப் பார்த்து, முனை மேல்நோக்க, 5 செ.மீ. ஆழத்தில், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். குளிர் பட்டால்தான் அது பல் பல்லாகப் பிரியும். இல்லாவிட்டால் ஒற்றைப் பூண்டாக நின்றுவிடும்.

மண் புளிப்பாக (அமிலத்தன்மையோடு) இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தால் சுண்ணாம்பு இட இது ஏற்ற நேரம், ஏனென்றால் அது வேலை செய்யவே சில மாதங்கள் ஆகும். தொழுவுரத்தோடு சேர்த்து மட்டும் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

மூடாக்குக்கு, அதாவது சருகு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடுவதற்கு, அவசரம் இல்லை. மண் நன்றாகக் குளிர்ந்தபின் 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பலாம். மரத்தின் அடியை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளியே போடுங்கள். இல்லையென்றால் எலி உள்ளே குடியேறிப் பட்டையைக் கொறிக்கும். மழை இல்லாமல் மண் காய்ந்து கிடந்தால், உறைவதற்கு முன்பு மரங்களுக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், உறைந்தால் வெடித்துவிடும்.